நடுவயது மகளிரின் சொந்தத் தொழில்: காயல்பட்டினத்தில் நாம் கற்ற பாடம்

வட்டார வளர்ச்சி அலுவலகங்களிலே தொழில் புரிவோர் பட்டியல் என்று ஒன்று உண்டு. அது தயாராகும் முறை ஊராட்சி உறுப்பினர் யாவரும் அறிந்ததே. பெட்டிக்கடை, மாவு மில், தச்சுப் பட்டறை, சைக்கிள் பழுது பார்க்குமிடம் என்று கதவும் பெயர்ப்பலகையும் உள்ள இடங்களெல்லாம் முதலில் பதிவாகும். பின்பு வீடு வீடாகச் சென்று, யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்கப்படும். வாசலுக்கு வந்து விடை சொல்லுகிறவர் பெரும்பாலும் ஆண்மகனாயிருப்பார். தம் மனைவியைப் பற்றியோ தாயைப் பற்றியோ அவர் கூறும் விடை, "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்பதே. எழுதுகிறவரும் 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இப்பிழையைப் பிறர்மேல் சுமத்துவதற்காக நாம் எழுதவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் எத்தனையோ பெயர்களுக்கு எதிரே நாமே நம் கையால் அவ்வாறு எழுதியிருக்கிறோம். அப்பொழுது நமக்கு வயது இருபத்தேழு. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பது நமக்குத் தெரியாது. இன்று அந்த வயதை நாமே எட்டியிருக்கிறோம், தெரிகிறது.

நாற்பதைக் கடந்த மகளிர் தம் பொறுப்பில் நடத்தும் தொழில்களைப் பற்றிச் சிறிது ஆராய விரும்பி, அதற்குக் காயல்பட்டினத்தை எடுத்துக்கொண்டோம். அவ்வூர் ஊராட்சி அன்று. 2004-ஆம் ஆண்டில் நகராட்சியாகிவிட்டது. ஆகவே நம் ஒன்றியத்தின் அலுவல் அங்கே செல்லாது. ஆயினும், பெண்கள் தொழில் நடத்துவதற்கு எது வேண்டும், எது இருந்தும் போதாது என்னும் இரண்டையும் ஒருங்கே காட்டும் ஊர் இப்பக்கத்தில் அதைப்போல் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூருக்கு வடக்கே அமைந்தது காயல்பட்டினம். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் காயல் துறையில் தங்கிச் சென்றதை எழுதிவைத்திருக்கிறார். ஆற்று மண் சேர்ந்து கடல் விலகிப் பழைய துறைகள் தூர்ந்துபோன பின்பும், அப்பகுதி மக்களின் வியாபாரப் பழக்கம் தூர்ந்து போகவில்லை. ஆடவர் கொழும்புக்கும் சென்னைக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் சென்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ ஊர் திரும்புவார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் வீட்டின் வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டு நன்மை தீமை, வீட்டைப் பழுது பார்க்கும் கொத்தனாரோடு பேசும் பேச்சு ஆகிய அனைத்தும் பெண்கள் கையிலேயே இருந்தன. இவ்வளவையும் செய்பவரை எந்தப் பதிவேடும் நிர்வாகி என்று குறிப்பதில்லை.

இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களிலே பெண்ணை மணந்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதே நெடுநாளைய வழக்கம். வீடு பெண்ணுக்கு உரியது. தாய் வீடு மகளுக்குப் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட பெண் மக்கள் இருந்தால் தகப்பனார் மேலும் வீடு கட்டியாக வேண்டும். வீடுகளோ நீண்டவை. முன்வாசல் தெருவை நோக்கியிருக்கும். பின்வாசல் 'முடுக்கு' எனப்படும் குறுகிய சந்தில் திறக்கும். அந்த முடுக்குகள் பெண்கள் நடமாடுவதற்கென்றே அமைந்தவை. முன்தெருவில் காலடி வைக்காமலே ஒரு பெண் தன் சகோதரி வீட்டுக்கும் தைக்காவுக்கும் போய்வர இயலும். வெளியூரார் முன்தெருவிலே நின்று பார்த்துவிட்டு, இவ்வூரில் பெண்களையே காணோமே என்று சொல்லித் திரும்புவது வழக்கம். அவர்கள் பார்த்தது ஊரில் பாதியைத்தான். நாம் பெண்ணாயிருந்தமையால் பின்வாசல் வழியே போக முடிந்தது.

முடுக்கிலே நடந்து சென்றால் அங்கே ஒரு சிறு சந்தை நடப்பது புலப்படும். ஒரு வீட்டின் உள்கட்டில் சேலைகளும் சுரிதார்த் துணிகளும் அடுக்கப்பட்டிருக்கும். மற்றொரு வீட்டில் தையல் இயந்திரம் ஓடும். வேறொரு வீட்டில் மசாலைப் பொடி இடித்துச் சலித்து உறையிலிடுவார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி இடுகிறவர், வட்டலாப்பமும் தம்மடையும் செய்து கொடுக்கிறவர் என்று ஆளுக்கொரு பெயர் உண்டு. பெயர்ப்பலகை எதுவுமில்லை. 'இன்ன லாத்தா வீட்டில் கிடைக்கும்' என்பதே விளம்பரம். இப்பொழுது கைப்பேசியில் படம் அனுப்பி ஆர்டர் பெறுவதும் வந்துவிட்டது. 2006-இல் அவ்வூரிலேயே வாவு வஜீஹா மகளிர் கல்லூரி தொடங்கப்பட்ட பின்பு, படித்த பெண் மக்கள் இத்தகைய காரியங்களில் தாய்மாருக்குத் துணையாக வாய்த்திருக்கிறார்கள்.

இத்தொழில்களை நடத்துகிறவர்கள் இளம்பெண்கள் அல்லர்; நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்களே மிகுதி. இருபது வயதில் கைக்குழந்தை. முப்பதில் பள்ளிக்கூடம், பரீட்சை, காய்ச்சல். நாற்பதைத் தாண்டியபின் மூத்த மகளுக்குத் திருமணமாகும். நம் உழவர் குடும்பங்களில் மகளுக்குத் திருமணமானால், தாய் இருபது ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்த கைவேலையோடு அவள் வேற்றூருக்குப் போய்விடுவாள்; தாய் தனித்து நிற்பாள். காயல்பட்டினத்திலோ மகள் அதே வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கிறாள். தாய்க்கு இன்னும் இரண்டு கை கிடைக்கிறது. அடுப்படியிலே தொழிற்பயிற்சி நடக்கிறது; அதற்கு மானியமும் இல்லை, சான்றிதழும் இல்லை. நடுவயதில் தொழில் தொடங்குவது இவ்வூரில் வியப்பாகக் கருதப்படாமைக்கு இதுவே முதற்காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

இரண்டாவது காரணம் ஊரின் பண்பாட்டில் இருக்கிறது. மார்க்க வரலாற்றிலே கதீஜா நாயகியார் பெரிய வணிகராக விளங்கியவர். நபிகள் நாயகத்தை மணந்தபோது அவருக்கு வயது நாற்பது என்பது பரவலாகச் சொல்லப்படும் மரபு. இச்செய்தியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு, நாற்பது வயதுப் பெண்ணும் வியாபாரமும் பொருந்தாதவை என்று எவரும் புதிதாகக் கற்பிக்க இயலாது. அன்றியும், இக்கடற்கரை ஊர்களில் பெண்கள் எழுத்தறிவில்லாதவர்களாய் இருந்தார்கள் என்று பழைய கணக்குகள் காட்டுமாயின் அவற்றை அப்படியே நம்புதல் கூடாது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை அவர்கள் வாசித்தார்கள். காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816 - 1898) அரபுத் தமிழில் இயற்றிய நூல்கள் வீடுகளுக்குள்ளே பெண்களால் படிக்கப்பட்டவை. தமிழெழுத்தில் கையொப்பமிடத் தெரியாதவர் என்று கைநாட்டு வாங்கப்பட்ட மூதாட்டி, வேறோர் எழுத்தில் முழு நூலை வாசிக்கக் கூடியவராய் இருந்திருக்கலாம். கீழக்கரையைச் சேர்ந்த செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்கள் இயற்றிய பெண்பாற் புலவர். நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938-இல் வெளிவந்தபோது அதற்கு மதிப்புரை அளித்தவர் உ. வே. சாமிநாதையர். இத்தகைய மரபின் எளிய கிளைகள் இன்றும் உண்டு. தைக்காவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியையும், மௌலிது ஓதும் மாதத்தில் முன்னின்று ஓதுகிறவரும், கல்யாண வீட்டில் பாட்டுச் சொல்லுகிறவரும் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களே. தைக்காவிலே கூடும்போதுதான் எந்த வீட்டில் எப்பொழுது கல்யாணம், எத்தனை பேருக்குப் பலகாரம் என்னும் செய்தியும் கைமாறுகிறது. நம் ஊர்களில் கோவிற்கொடையும் அறுவடையும் எவ்வாறு வியாபாரத்தின் காலத்தை வகுக்கின்றனவோ, அங்கே நோன்பும் பெருநாளும் கல்யாணப் பருவமும் அவ்வாறு வகுக்கின்றன.

இதுவரை சொன்னதைக் கொண்டு எல்லாம் நலமே என்று நினைத்துவிடலாகாது. பெண்ணுக்கு வீடு என்னும் வழக்கத்திற்கு வேறொரு பக்கமும் உண்டு. நான்கு பெண் மக்களைப் பெற்ற தகப்பன் நான்கு வீட்டுக்கு வழி தேட வேண்டும். மனை விலை ஏறியிருக்கும் இந்நாளில் அதற்காகவே ஆயுள் முழுவதும் வெளிநாட்டில் உழைத்துத் தேய்ந்தவர்கள் பலர். வீடின்றிக் கல்யாணம் நடவாது என்னும் நிலை ஏழைக் குடும்பத்துப் பெண்களை எவ்வளவு வருத்துகிறது என்பதை அவ்வூராரே பேசிக் கவலைப்படுகிறார்கள். மேலும், வீடு பெண்ணுக்கு என்று வாய்ச்சொல்லாக இருப்பினும் பத்திரம் அவள் பெயரில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. தகப்பனார் பெயரிலேயே பிரிக்கப்படாமல் கிடக்கும் வீட்டைக் காட்டி ஒரு பெண் எவ்வித உரிமமும் கடனும் பெறுவது கடினம். பத்திரம் இருந்தாலும், நாளை மகளுக்குப் போகவேண்டிய வீட்டை அடமானம் வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆக, வீடு அவளுக்கு இடம் தருகிறது, முதல் தருவதில்லை.

முதல் என்றதும் நாமெல்லாம் வங்கியை நினைக்கிறோம். வட்டி கொடுப்பதும் வாங்குவதும் ஆகாது என்று கருதும் இல்லங்கள் அவ்வூரில் மிகுதி. வட்டியோடு கூடிய கடன் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சென்ற அலுவலர், எவரும் மனுத் தராததைக் கண்டு, 'பயனாளிகளிடம் ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதுவார். அது ஆர்வமின்மை அன்று, கொள்கை. முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் வட்டியில்லாக் கடன் தரும் பொது நிதிகள் உள்ளன. பெண்களுக்குள்ளே சீட்டுப் பிடித்துச் சுழற்சியாக எடுத்துக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றினும் எளிய முதல், வாங்குகிறவரிடமே முன்பணம் பெறுவது. இது பெண்கள் செய்யத் தயங்கும் காரியம் என்பதை ஒரு வீட்டில் கண்டோம். அந்த வீட்டுக் கணக்கை இங்கே சற்று விரிவாகத் தருகிறோம். இக்கட்டுரையில் வேறெதுவும் பயன்படாவிடினும் இந்தக் கணக்குப் பயன்படும்.

அந்த அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு. பெயர் குறிப்பதற்கில்லை. தம்மடை செய்து கொடுக்கிறார். ரவை, முட்டை, சர்க்கரை, நெய் இவற்றைச் சேர்த்துக் கரைத்துத் தட்டில் ஊற்றி, கீழே நெருப்பும் மேலே தணலுமாக வைத்து வேகவிடும் பண்டம் அது. மேல்தணல் சற்று மிகுந்தால் கருகும். குறைந்தால் நடுவில் மாவாக நிற்கும். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் மணத்தைக் கொண்டே பதம் அறிகிறார். "ஒரு தட்டுக்கு எவ்வளவு நிற்கும்?" என்று கேட்டோம். "இருநூற்று எண்பது ரூபாய் நிற்கும், சாமானுக்கு அறுநூற்று இருபது, விற்பது தொள்ளாயிரம்" என்று தயங்காமல் விடை வந்தது. கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அது முடியவில்லை.

நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கரியும் எரிவாயுவுமாக 60 ரூபாய். அட்டைப்பெட்டி 25. கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்கு 20. தட்டும் அடுப்பும் தேய்வதற்கு 10. ஆக 115. இவற்றை அவர் தட்டின் கணக்கில் எழுதுவதில்லை. வீட்டுச் செலவோடு போய்விடுகிறது. 280-இல் 115 கழிய 165. ஒரு தட்டுக்கு அவர் உழைக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. ஆகவே மணிக்கு 41 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்திலே 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 42. முப்பது ஆண்டுக் கைத்திறன், மண் சுமக்கும் கூலிக்கு ஒரு ரூபாய் குறைவாக நின்றது. மண் சுமப்பது இழிவு என்பதற்காக இதைக் கூறவில்லை. கைத்திறனுக்கு விலையே போடவில்லை என்பதற்காகக் கூறுகிறோம்.

கணக்கு அங்கும் முடியவில்லை. அவருடைய மகள் உள்ளிருந்து, "கடன் போனதையும் சொல்லுங்க உம்மா" என்றாள். எட்டுத் தட்டு விற்றால் ஒன்றின் பணம் வருவதில்லை. வாங்கியவர் உறவினர், அல்லது பிறகு தருகிறேன் என்று சொல்லி மறந்தவர், கேட்டால் மனவருத்தம். எட்டுத் தட்டுக்குச் செலவு 5,880 ரூபாய். ஏழு தட்டின் வரவு 6,300. மிச்சம் 420. உழைப்பு 32 மணி. மணிக்குப் பதின்மூன்று ரூபாய்! அந்த அம்மையார் நோட்டுப் புத்தகத்தைத் தம் பக்கமாகத் திருப்பி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

இதற்கு நாம் சொன்ன யோசனை பெரியதொன்றுமில்லை. தட்டு ஆயிரம் ரூபாய் என்று விலை கூறுவது. ஆர்டர் சொல்லும்போதே பாதிப் பணம் பெறுவது. மறு பாதி கைக்கு வந்தபின் பெட்டியைக் கொடுப்பது. உறவினருக்கு இலவசமாகக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், அதனை 'அன்பளிப்பு' என்று தனிப்பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வாறு செய்தால் எட்டுத் தட்டில் 2,120 ரூபாய் நிற்கும். மணிக்கு 66 ரூபாய் ஆகும். "நூறு ரூபாய் கூட்டினால் வாங்குவார்களா?" என்று அவர் கேட்டார். கடைக் கேக்குக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று மகளே தாய்க்கு எடுத்துச் சொன்னாள். நாம் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பின்பு பதிவைப் பற்றிப் பேசினோம். வீட்டில் உணவுப் பண்டம் செய்து விற்போரும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இச்சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு எண் இல்லாத பண்டத்தைக் கடைக்காரர் வாங்கி வைக்கத் தயங்குவார். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைபெறுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. இவ்விரண்டும் இருந்தால்தான் தொழில் என்னும் பெயரே அரசாங்கக் காகிதத்தில் ஏறும். இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு, எச்சரிக்கை தேவை.

இனி நம் ஊராட்சிகளுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்திலும் அதனைச் சூழ்ந்த தேரிக்காட்டிலும் பெண்களின் கைத்தொழிலுக்குக் குறைவில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையேறிப் பதநீர் இறக்குகிறவர் ஆண். வெயிலிலும் புகையிலும் நின்று அதனைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுகிறவள் பெண். பதம் தவறினால் கருப்பட்டி இறுகாது. வியாபாரியோடு விலை பேசும்போது மட்டும் அவள் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறாள். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோரிலே பெண்களே மிகுதி. இங்கிலாந்தின் எலிசபெத் அரசியாருடைய 1953-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்ட பெருமையை அவ்வூரார் இன்றும் சொல்லுவர். ஆற்றுநீரில் ஊறவைத்த கோரையை நூல்போலக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய்க்குக் கண்பார்வை கூர்மையாயிருக்க வேண்டும். கை தேர்ச்சி பெறும் வயதில் கண் தளரத் தொடங்குகிறது. அத்தகைய ஊர்களில் முதலில் நடத்த வேண்டியது கண் மருத்துவ முகாம் என்பது நமது தாழ்மையான கருத்து. பயிற்சி முகாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உழவர் குடும்பங்களில் நிலைமை காயல்பட்டினத்துக்கு நேர் மாறானது. அங்கே வீடு பெண்ணுக்கு, வருமானம் வெளியூரிலுள்ள ஆணுக்கு. இங்கே வேலை இருவருக்கும். பட்டா, சிட்டா, அடங்கல், கூட்டுறவுச் சங்க உறுப்பு அனைத்தும் ஆணுக்கு. மாட்டுக்குத் தீவனம் வைத்துக் குளிப்பாட்டிப் பால் கறந்து சங்கத்தில் ஊற்றுகிறவள் மனைவி. உறுப்பினர் அட்டையும் பணம் விழும் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? வாசகர்கள் இன்று மாலையே தத்தம் வீட்டு அட்டையை எடுத்துப் பார்ப்பார்களாக.

பெண் பெயரில் உடைமை சேர்வதற்கு அரசு செய்துள்ள ஏற்பாடுகள் சில உண்டு. இந்துக் குடும்பங்களின் மூதாதையர் சொத்தில் பெண் மக்களுக்கும் ஆண் மக்களோடு ஒத்த உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. நாடு முழுமைக்கும் அது 2005-இல் வந்தது. பத்து லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட மனை, வீடு, நிலம் பெண் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கப்படும் என்னும் சலுகை 2025 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மனை வாங்கும் உழவர் நண்பர்கள் பத்திர எழுத்தரிடம் போகுமுன் இதனை நினைவிற்கொள்ளலாம். மனைவியின் பெயரில் எழுதினால் சொத்துப் போய்விடும் என்று அஞ்சுவோர் இன்னும் இருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் எத்தனையோ தலைமுறையாகப் பெண்ணின் வீட்டில் ஆண் வாழ்கிறான். குடும்பம் அதனாற் சிதறிவிடவில்லை.

தொழில் உதவித் திட்டங்களிலே வயது வரம்பு ஒரு தடையாக இருந்து வந்ததை நாம் அறிவோம். இளைஞருக்கான திட்டம் என்று தொடங்கி, நாற்பத்தைந்து வயதுப் பெண் மனுவோடு வந்தால் திருப்பியனுப்பும் சங்கடம் பலமுறை நேர்ந்திருக்கிறது. 2025-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் இதற்கு மாறாக முப்பத்தைந்து வயது நிறைந்தவருக்கே உரியதாக வகுக்கப்பட்டது. மூன்று லட்சம் ரூபாய் வரை கடன்; அதில் கால் பங்கு, ஐம்பதாயிரத்துக்கு மேற்படாமல், மானியம்; வட்டியில் ஐந்து விழுக்காட்டுச் சலுகை. கைத்தொழில் பழகிக் கைகள் முதிர்ந்த பின்புதான் முதலுக்கு மதிப்பு என்பதை உணர்ந்து செய்த வகைப்பாடு இது. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்டறியலாம். 1983-இல் அமைக்கப்பட்ட மகளிர் மேம்பாட்டு நிறுவனமும், அது 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களும் யாவரும் அறிந்தவையாதலின் விரிக்கவில்லை. குழுவில் பணம் எடுத்து மகன் கல்லூரிக் கட்டணம் கட்டிவிட்டுத் தொழிற்கடன் என்று எழுதும் வழக்கத்தைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

நடுவயதில் தொடங்கியது நடவாது என்பாருக்கு ஒரு செய்தி. 1978-இல் சென்னையில் உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கிய ஜெயா அருணாசலம் 1935-இல் பிறந்தவர். நாற்பத்து மூன்றாம் வயதில் அரசியற் கட்சிப் பணியை விட்டு அதில் இறங்கினார். கூடைக்காரிகளும் பூக்காரிகளும் மீன் விற்போரும் கந்துவட்டிக்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் திருப்பிய பணத்தை, வங்கியிலிருந்து அவர்கள் பெயரிலேயே பெற்றுத் தந்தார். வாங்கிய கடனை அப்பெண்கள் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினார்கள். வங்கிகள் அதற்குமுன் அவர்களை எண்ணிப் பார்த்ததே இல்லை.

நாட்டில் நேரம் எவ்வாறு செலவாகிறது என்று 2019-இல் மத்திய அரசு எடுத்த கணக்கில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இவ்வாறு கழிந்த பின்புதான் பெண்ணின் தொழில் தொடங்குகிறது. ஆகவே, பயிற்சி வகுப்பைக் காலை பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் வைத்துவிட்டு, எவரும் வரவில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை. பிற்பகல் இரண்டரை மணிக்கு அவர்கள் தெருவிலேயே வைத்தால் வருவார்கள். இது நாம் சோதித்துப் பார்த்தது.

ஊராட்சிகள் உடனே செய்யக்கூடியது பட்டியலைத் திருத்துவது. அடுத்த கிராம சபைக்கு முன்பாக ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்றால், "ஒன்றுமில்லை" என்பதே விடையாகும். "சென்ற மாதம் உங்கள் கைக்கு எந்தெந்த வழியில் பணம் வந்தது?" என்று கேட்க வேண்டும்; அதுவும் அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். செய்யும் பொருள், இருக்கும் இடம் யாருடையது, முதல் எங்கிருந்து வந்தது, கணக்கு யார் பெயரில், பதிவு உண்டா என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். 2019-இல் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சரிபாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு அனுபவம் பெற்ற பெண் உறுப்பினர்களை இப்பணிக்கு அழைத்தால் எந்த வீட்டிலும் அடுப்படி வரை போய்வர இயலும்.

நாம் பணியில் சேர்ந்த புதிதில் கணக்கெடுத்த ஊர்களுள் ஒன்று இன்று நமது ஒன்றியத்திலேயே இருக்கிறது. காயல்பட்டினத்திலிருந்து திரும்பிய வாரம் ஊர்நல அலுவலரை உடன் அழைத்துக்கொண்டு அவ்வூரின் கீழத்தெருவுக்குச் சென்று, மேற்சொன்ன கேள்வியைக் கேட்டோம். இட்லி மாவு, நாட்டுக்கோழி முட்டை, பூக்கட்டு, வாழைநார், ரவிக்கைத் தையல், வட்டிக்கடைக்குப் போகாமல் பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அரிசிச் சீட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். நம் கையெழுத்தில் 'வீட்டு வேலை' என்றிருந்த இடங்களைச் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்திலே தொழிலின் பெயரை எழுதினோம். சிலருடைய பெயர்களுக்கு எதிரே எழுத வேண்டியிருக்கவில்லை. அவர்கள் இப்பொழுது இல்லை. மேலத்தெருவும் வடக்குத் தெருவும் மிச்சமிருக்கின்றன. ஐப்பசி மழை விட்டதும் தொடர்வோம்.